கேப்டனுக்கு முறை வருமுன்

விடியற்காலையிலேயே துபாய் கராமாவின் காற்று நனைந்த சாக்கு மாதிரி மேலே வந்து விழும். பாண்டித்துரை படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் கண்ணாடி இரண்டும் மங்கிப்போயின. சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே நடந்தான். பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். சந்துக்குள் குப்பை வண்டி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் தெருவில் போகிறவர் அத்தனை பேரும் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

ஆபீஸ் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். கதவைத் திறந்ததும் ஏசி எலும்பைத் துளைக்கும். கணினிகள் சூடாகக் கூடாதாம். மனிதர்கள் விறைத்தால் பரவாயில்லையாம். துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் நான்கு சீட்டு மேசைகள். ஒன்றில் சீட்டைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது கூப்பிடும். பந்தயத்தை ஏற்ற வேண்டும், ஈடுகொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டும். இமைக்கப் பயந்து பயந்து கண்ணில் மணல் விழுந்தது போல் அரிக்கும். மவுஸ் பிடித்த மணிக்கட்டு வீங்கி, சாயங்காலம் சோற்றைப் பிசைய விடாது. மூத்திரத்துக்குப் போகக்கூட மேசை முடிய வேண்டும்.

வேலை என்னவென்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். சீட்டாடுகிறவனை அங்கே திட்டுவார்கள், இங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் போக்கர் பழகுகிறவர்கள் கைப்பழக்கத்துக்காக இந்த மேசைகளுக்கு வருவார்கள். காசு வைக்காத பயிற்சி ஆட்டம். எதிரில் ஆடுவது கணினி என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் ஆடியது பரமக்குடிப் பக்கத்துப் பாண்டித்துரையும், இலங்கையிலிருந்து வந்த பாஹிமா அக்காவும், குமரிக் கடற்கரைப் பையன் ஷிபினும், இன்னும் அவர்களைப் போன்ற சிலரும். கணினி பின்னால் உட்கார்ந்து இவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது. அது இவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

மூன்றாவது மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. 'கேப்டன்' வந்து உட்கார்ந்தார். பாண்டித்துரையின் விரல் தன்னால் நின்றது.

கேப்டன் என்பது ஞானசிங் மேசையில் வைத்துக்கொண்ட பெயர். ஞானசிங் செத்துப்போயிருந்தார்.

ஷிபினுக்குச் சித்தப்பா முறை. கடலில் வள்ளம் தள்ளியவர், மேல் கடலுக்குப் போக முடியாமல் முதுகு போனபின் இங்கே வந்தவர். பெரிய ஆட்டம் என்றால் உடனே ஏற்ற மாட்டார். மவுஸிலிருந்து கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். என்ன அண்ணே என்று பாண்டித்துரை கேட்டால், "அலை பாக்கேன் மக்கா. பெரிய அலை போவட்டும். அடங்குன நேரம் பாத்துல்லா வள்ளத்தத் தள்ளணும்" என்பார். பிறகு சட்டென்று அமுக்குவார். அந்தக் காத்திருப்பில் எதிராளி பாதி செத்துவிடுவான். வாடிக்கையாளர்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

தொடர்ந்து இரட்டை டூட்டி பார்த்த ஒரு நாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதலாளி விஜயபாஸ்கர் கேபினிலிருந்து தலையை நீட்டி, "இந்த டேபிள முடிச்சிட்டுக் கிளம்பிடுங்க கேப்டன்" என்றார். ஞானசிங் உட்கார்ந்தார். கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். அலை பார்க்கிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். நேரம் காட்டும் கோடு தேய்ந்து, முடிந்து, அவருடைய சீட்டு தானே கவிழ்ந்தது. அப்போதும் அவர் அசையவில்லை.

உடலை ஊருக்கு அனுப்பினார்கள். பெட்டி திருவனந்தபுரத்தில் இறங்குவதற்குள் கேப்டன் மூன்றாவது மேசைக்கு வந்துவிட்டார், கணினியாக. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சும்மாவா சொன்னார்கள்!

முதல் நாள் பாண்டித்துரைக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அதே ஆட்டம். அதே காத்திருப்பு. சிலசமயம் காத்திருந்து அமுக்குவார். சிலசமயம் அமுக்கவே மாட்டார். கோடு தேய்ந்து, முடிந்து, சீட்டு தானே கவிழும். கணினிக்கு எது ஆட்டம், எது சாவு என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தது. ஒரு நாளில் எத்தனை தடவை அந்த மனிதர் அந்த மேசையில் செத்தார் என்று பாண்டித்துரை நினைத்துப் பார்க்கப் பயந்தான். அறையில் அவனுடைய கட்டிலுக்கு மேல்கட்டில் ஞானசிங்குடையது. இன்னும் யாரும் அதில் படுக்கவில்லை.

காத்திருப்பு தொடங்கிவிட்டால் அது எதில் போய் முடியும் என்று தெரியாது. ஆகவே அதைத் தொடங்கவே விடாமல் இருக்க ஒரே ஒரு வழியைக் கண்டுபிடித்தான். கேப்டனுக்கு முறை வருமுன் தன் சீட்டைக் கவிழ்த்துவிடுவது. மற்றவர்களும் கவிழ்த்துவிட்டால் மேசை நடுவில் கிடக்கும் பொய்க்காசுக் குவியல் தானே அவர் பக்கம் போய்விடும், அவர் யோசிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவன் கவனிக்கவில்லை. கவிழ்த்துவிட்டு, "போங்கண்ணே" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வான்.

அன்று டூட்டி முடிகிற நேரத்தில் விஜயபாஸ்கர் எல்லாரையும் நிற்கவைத்தார். இஸ்திரி கலையாத சட்டை, குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு. பேசும்போது நம்ம ஃபேமிலி என்பார்.

"கேப்டன் மேல கம்ப்ளெய்ன்ட் மேல கம்ப்ளெய்ன்ட். கையில ஒண்ணுமே இல்லாம ஏத்துறார். சில நேரம் டைம் முடியற வரைக்கும் சும்மா இருக்கார். ஏன்னு எடுத்துப் பார்த்தேன். அவரோட ஆடும்போது மட்டும் நீங்க எல்லாரும் கவிழ்த்திருக்கீங்க. பழைய ஆளுங்க ஒருத்தர் விடாம. யாருமே எதிர்க்கலைன்னா அது என்ன கத்துக்கும்? குப்பையை வெச்சு ஏத்தலாம்னுதான் கத்துக்கும். யார் பிளான் இது?"

பாண்டித்துரை பாஹிமாவைப் பார்த்தான். பாஹிமா ஷிபினைப் பார்த்தாள். ஷிபின் தரையைப் பார்த்தான். திட்டம் யாரிடமும் இல்லை. தான் மட்டும்தான் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்கிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அது வெறும் சாஃப்ட்வேர் பாண்டி" என்றார் முதலாளி.

"அப்ப எதுக்கு சார் அவரு பேரு?"

"கஸ்டமருக்குப் பழகின பேரு. அவர் ஆடினது நம்ம டூட்டி டைம்ல. ஆட்டம் கம்பெனியோடது."

"ஆட்டம் ஒங்களுது, சரி. அந்தக் கடைசி நெஞ்சுவலியுமா சார் ஒங்களுது?"

விஜயபாஸ்கரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் மாறியது. "நாளைலேருந்து கேப்டனை அடிச்சு ஆடுங்க. எதிர்ப்பு இருந்தாத்தான் அவர் திருந்துவார். அவர் சரியானதும் அடுத்தது உங்க எல்லார் ஆட்டமும் இதே மாதிரி மெஷினுக்குப் போகும்."

"அதுக்குப் பிறகு நாங்கள், சேர்?" என்று பாஹிமா கேட்டாள்.

"உங்க ஆட்டம் எப்பவும் இங்க இருக்கும்மா."

"ஆட்டம் இருக்கும். நாங்கள் எங்க இருக்கிறது?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இஷ்டமில்லாதவங்க இப்பவே சொல்லலாம். விசா கேன்சல் பண்ணிடலாம். நோ ப்ராப்ளம்."

அறைக்கு வந்தும் யாரும் தனித்தனியாகப் போகவில்லை. பாஹிமாகூடத் தன் பெண்கள் அறைக்குப் போகாமல் அவர்கள் சமையல்கட்டு வாசலில் நின்றாள். ஷிபின் மீன் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய மீனையே திரும்பத் திரும்பக் கழுவினான்.

"சித்தி போன்ல கேட்டா" என்றான். "கடைசியா அவரு என்ன செஞ்சிட்டு இருந்தாருன்னு. நான் என்னத்தச் சொல்ல? இன்னும் செஞ்சிட்டுதான் இருக்காருன்னா சொல்ல?"

பாண்டித்துரை குழாயை மூடினான்.

"அவர அடிச்சு ஆடுனா அவரு திருந்தி இன்னும் நல்லா வேல பாப்பாரு. அவரு நல்லா வேல பாத்தா நம்மளையும் அந்த மெஷினுக்குள்ள போட்டுட்டு, வெளிய இருக்குற ஒடம்ப ஊருக்கு ஏத்தி விட்ருவாக. நம்ம கைய வச்சே நம்மளுக்குக் குழி."

"ஸ்ட்ரைக் எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க தம்பி" என்றாள் பாஹிமா. "இஞ்ச அந்தச் சொல்லுக்கே பொலிஸ் வரும்."

"யாருக்கா ஸ்ட்ரைக்னு சொன்னா? டைமுக்குப் போவோம். சீட்ல உக்காருவோம். சீட்டு வந்தாக் கவிழ்ப்போம். கவிழ்க்கிறதும் ஆட்டந்தானே? மொதலாளியே சொல்லிக் குடுத்ததுதானே?"

"கேப்டன்ட மேசையில மட்டுமா?"

"எல்லா மேசையிலயும். ஒரு மேசைல மட்டும் கவிழ்த்தா அழுகை. எல்லாத்துலயும் கவிழ்த்தாத்தான் மொதலாளிக்கு ஒறைக்கும். கேப்டன மேசைய விட்டு எழுப்பி விடணும். நம்ம சம்மதம் இல்லாம நம்ம ஆட்டத்தத் தொடக் கூடாது. நாம கேக்குறது இது ரெண்டுந்தான்."

"நாங்கள் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்காமலே இவ்வளவு நாளும் ஒண்டாத்தான் செஞ்சிருக்கிறம்" என்றாள் பாஹிமா. "கதைச்சுச் செஞ்சா என்ன ஆகும் எண்டு பாப்பம்."

ஒரு சிக்கல் இருந்தது. ஞானசிங்கின் நாற்காலியில் இப்போது அஹ்சன் என்ற முல்தான்காரன் உட்கார்ந்திருந்தான். சாய்வில் ஞானசிங்கின் தலை எண்ணெய்க் கறை இருக்கிற நாற்காலி. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, தமிழ் தெரியாது, கையில் வேலை இல்லாமல் கஷ்டப்பட்டு வந்தவன். அவனிடம் எந்த முகத்தோடு கேட்பது என்றான் ஷிபின். சாயங்காலம் டீக்கடை வாசலில் அவனைக் கண்டதும் பாண்டித்துரை தனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் சொன்னான். "பாய், கேப்டன் மெஷின் நஹி. ஆத்மி தா. தும்ஹாரா குர்சி மே பைட்கே மர் கயா." கேப்டன் ஒரு மனிதன், நீ உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் செத்தான். அஹ்சன் சுலைமானி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் ஒப்புக்கொண்டானா, பயந்துவிட்டானா, முதலாளியிடம் போய்ச் சொல்லப்போகிறானா, ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் விஜயபாஸ்கர் அவர்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். மூன்றாவது மேசைக்குள் வெளியாள் யாரும் வர முடியாதபடி பூட்டியிருந்தார். கேப்டனுக்கு எதிரே பாண்டித்துரை, பாஹிமா, ஷிபின். முறை எப்போதும் கேப்டனில் வந்து முடியும்படி வைத்து, அவருக்கு ஒரு முறை முன்னால் அஹ்சன். "இவர் புதுசு, இவருக்கு சென்டிமென்ட் கிடையாது" என்றார்.

பச்சை விளக்கு எரிந்தது. சீட்டு விழுந்தது.

பாண்டித்துரைக்கு நல்ல சீட்டுதான். சின்ன மகளின் முகமும் விசாக் காகிதமும் ஒரே சமயத்தில் கண்ணுக்குள் வந்தன. கவிழ்த்தான். பாஹிமா கவிழ்த்தாள். ஷிபின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கவிழ்த்தான். அறையின் மற்ற மேசைகளிலும் அதே சின்னச் சத்தம் வரிசையாகக் கேட்டது. அங்கேயும் எதிர்க்க ஆளில்லாமல் குவியல் தானே மறுபக்கம் போயிற்று. ஆடி ஜெயித்தவனும் இல்லை, ஆடித் தோற்றவனும் இல்லை.

"என்ன பண்றீங்க?" என்றார் விஜயபாஸ்கர்.

"விளையாடுறோம் சார்" என்றான் பாண்டித்துரை.

அவர் அஹ்சனின் தோளுக்குப் பின்னால் போய் நின்றார். அஹ்சனின் திரையில் இரண்டு ஏஸ். அதற்கு மேல் ஒரு சீட்டு கிடையாது. "அஹ்சன், மாரோ" என்று அடிக்கச் சொன்னார். கோடு தேய ஆரம்பித்தது. அடுத்தது கேப்டன். அஹ்சன் ஏற்றினால் கேப்டன் கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொள்வார்.

"யல்லா, அஹ்சன்" என்று அவசரப்படுத்தினார்.

அஹ்சன் தலையைப் பின்னால் சாய்த்தான். சாய்வில் இருந்த கறை கழுத்தில் பட்டதோ என்னவோ, நிமிர்ந்து உட்கார்ந்தான். திரும்பி அந்தக் கறையை ஒரு தரம் பார்த்தான்.

"மரே ஹுவே கோ கியா மார்னா, சாப்" என்றான். செத்தவனைப் போய் எதை அடிப்பது.

இரண்டு ஏஸையும் கவிழ்த்தான்.

விஜயபாஸ்கர் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியே அவர் போனைக் காதில் வைத்திருப்பது தெரிந்தது. யாரிடம் பேசுகிறார், சாயங்காலம் யார் யாருடைய பெட்டி வாசலில் இருக்கும் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் செத்த கேப்டன் மேசைக்கு வந்த நாளிலிருந்து பாண்டித்துரையின் கூடவே இருந்த குளிர் முதுகிலிருந்து கொஞ்சம் இறங்கியிருந்தது. அவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். பாஹிமா தலையைத் திருப்பாமலே தன் ஃபிளாஸ்க்கை அஹ்சன் பக்கம் நகர்த்தினாள்.

அடுத்த சீட்டு விழுந்தது. ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். குவியல் கேப்டன் பக்கம் போயிற்று. அதற்கடுத்ததும் அப்படியே. கேபின் கதவு திறக்கும்வரை, அந்தக் காலை முழுக்க, ஞானசிங் அண்ணன் ஒருமுறைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.