நகம் படாமல்

வெந்நீர்ப் பாத்திரத்தின் ஒரு காதை நாத்தனார் பிடித்திருந்தாள், மறு காதை மருமகள். இருவரும் விடுவதாக இல்லை.

"தலையில தண்ணி ஊத்தினா அப்பாவுக்கு ஜன்னி கண்டுரும்."

"டாக்டர் இன்னிக்குத் தாண்டாதுன்னுட்டார் அண்ணி. இனிமே ஜன்னி வந்தாலும் வரிசையில நிக்கணும்."

கட்டிலில் கிடந்த மாமனார் சுவரைப் பார்த்தார்.

மருமகளுக்கு சலூனில் தலை அலசும் வேலை. கல்யாணமான புதிதில், வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தபோது, "மாமா, பொடுகு தோள்ல கொட்டுது, கடைக்கு வாங்க, சரி பண்ணிடலாம்" என்று நல்லெண்ணத்தில் சொல்லித் தொலைத்தாள். அன்று கம்பளித் தொப்பியை மாட்டியவர் அவளோடு பேசுவதையும் நிறுத்தினார். உப்பு வேண்டுமென்றால் சுவரிடம் கேட்பார். அவள் எடுத்து வைப்பாள். நன்றியைச் சுவருக்குச் சொல்வார்.

அவளுக்குப் போட்டியாகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் தானே தலை தேய்த்து, ஈரம் காய்வதற்குள் தொப்பியை மாட்டிக்கொள்வார். விளைவு, அவர் சொறிந்தால் தெருவில் போகிறவர்கள் யாரோ மரம் அறுப்பதாக நினைத்து நிற்பார்கள். மின்விசிறியைப் போட்டால் பார்க்க வந்தவர்கள் குடை தேடினார்கள். குடையோடு வந்தவர் ஒருவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு வார்த்தை பேசாமலே போய்விடுவாரோ என்பதுதான் மருமகளின் பயம். பிறகு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

மாமனாரின் கை தொப்பியை நோக்கி எழுந்து, பாதி வழியில் விழுந்தது. மறுபடி எழுந்தது, விழுந்தது. நாத்தனார் பாத்திரத்தின் காதை விட்டாள்.

"சும்மா பாத்துக்கிட்டு நிக்காதே" என்றார் மாமனார் சுவரிடம்.

மருமகள் தொப்பியைக் கழற்றினாள். உள்ளே தோல் தடித்துப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சொன்னதே போதும். எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்து, பொருக்கு ஊறும்வரை காத்திருந்தாள். மிதமான சூட்டில் தண்ணீரை விட்டு, ஷாம்பு போட்டு, நகம் படாமல் விரல்நுனியால் மெல்லத் தேய்த்தாள். பொருக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கடியில் வைத்த கிண்ணத்தில் மிதந்தன.

"எரியுதா மாமா?"

வலது காதுக்குப் பின்னால் விரல் போனபோது, மாமனார் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி முனகினார்.

"மேல... இன்னும் கொஞ்சம் மேலம்மா."

அவள் விரலை நகர்த்தினாள்.

"ஆங்... அங்கதான்."

பெரிய மூட்டையை இறக்கி வைத்தவரைப் போல ஒரு மூச்சு விட்டார். அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "போற நேரத்துல என்னடி சொன்னார்?" என்று கேட்டாள்.

"எங்கிட்ட பேசினார் அண்ணி."

ஷாம்பு நுரை இன்னும் பாக்கியிருந்தது. மருமகள் அவசரப்படாமல் கடைசிவரை அலசி, துண்டால் ஒற்றி எடுத்தாள். தலையணையைத் திருப்பி, ஈரமில்லாத பக்கத்தில் அந்தத் தலையைச் சாய்த்து வைத்தாள்.