பிஸ்கட் ஃபேக்டரியின் நான்காம் எண்

முத்துமீனாவை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்பது, அனுப்பப் போகிற மேனேஜருக்கே தெரிவதற்கு முன்னால் தாமரைச்செல்விக்குத் தெரிந்துவிட்டது. ஜோசியமெல்லாம் இல்லை. அவள் அதை டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி மொட்டையாகச் சொன்னால் தலையும் புரியாது, வாலும் புரியாது. கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

அவனியாபுரம் பைபாஸில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தக் கம்பெனி. இங்கிலாந்தில் இருக்கும் ஏதோ ஒரு நூலகம் தன்னிடமுள்ள பழைய காகிதங்களைப் படம் பிடித்து அனுப்பும். இங்கே நாற்பது சொச்சம் பெண்கள் திரையில் அதைப் பார்த்துப் பார்த்து டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தனித்தனியே அடிப்பார்கள். பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிடும். ஒரு கமா மாறியிருந்தாலும் மஞ்சள் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள் என்கிற நம்பிக்கையில்தான் அந்தத் தொழிலே ஓடுகிறது.

அந்த வருடம் வந்த காகிதங்கள் இரண்டு வகை. ஒன்று, விக்டோரியா ராணி காலத்துத் தொடர்கதைகள். மாதம் ஒரு பாகமாகக் கடைக்கு வந்த மெல்லிய புத்தகங்கள். இன்னொன்று, ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை பார்த்த பெண்களிடமிருந்து இன்னும் எப்படி வேலை வாங்கலாம் என்று இரண்டு துரைமார் உட்கார்ந்து ஆராய்ந்து எழுதிய அறிக்கைகள். அதுவும் பாகம் பாகமாகத்தான் வந்தது. கதை அச்சில் இருந்தது, அறிக்கை கையெழுத்தில் இருந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எறும்பு மையில் விழுந்து எழுந்து போனது போல இருக்கும்.

கதைதான் எல்லோருக்கும் பிடித்தது. லூசி என்று ஒரு வேலைக்காரப் பெண். திருட்டுப் பட்டம் கட்டி வீட்டைவிட்டுத் துரத்திவிடுகிறார்கள். ஒரு பாகம் அவள் ஆற்றுப் பாலத்தில் தனியாக நிற்பதோடு முடிந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அடுத்த பாகம் யார் திரைக்கு வரும் என்று காத்துக் கிடந்தார்கள். வந்தது பவதாரிணிக்கு. அப்போதெல்லாம் அந்தப் பிள்ளை வாய் ஓயாது. எழுந்து நின்று கத்தினாள்.

"அக்கா! குதிக்கலக்கா! லூசி குதிக்கல!"

அந்தப் பாகத்தின் பின்னட்டையில் ஆசிரியர் ஒரு குறிப்புப் போட்டிருந்தார். லூசியைக் கொல்லக் கூடாது என்று வாசகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டார்களாம், அதற்கு இணங்கி அவள் பிழைக்க வைக்கப்பட்டாளாம். தாமரைச்செல்விக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பொதுவாகவே அவளுக்கு எவனாவது முடிவு செய்து வைத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ள வராது. ஷேர் ஆட்டோக்காரன் சொன்ன இடத்தில் இறக்கிவிடாவிட்டால் ஆட்டோவையே திருப்ப வைக்கிற ஆள்.

"பாத்தியாக்கா, படிக்கிறவுக சத்தம் போட்டதும் கதையவே மாத்திப்புட்டான்" என்றாள் முத்துமீனாவிடம்.

முத்துமீனா அவளுக்கு ஏழெட்டு வயது மூத்தவள். நிலையூரிலிருந்து வருகிறாள். புருஷன் லாரியில் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறான், அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. இதை அவளே யாரிடமும் சொல்ல மாட்டாள். தாமரைச்செல்விக்கு மட்டும் தெரியும். புரியாத எழுத்து வந்தால் எல்லோரும் முத்துமீனா பக்கம்தான் திரும்புவார்கள். எட்டிப் பார்த்து, சிரித்து, ஏதாவது சொல்வாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்பதைவிட, அவளிடம் கேட்டால் மனசு லேசாக இருக்கும் என்பதுதான் காரணம்.

இந்தச் சமயத்தில்தான் மேனேஜர் சூரியபிரகாஷ் ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தான். இருக்கைகளுக்கு எண் ஒட்டினான். தாமரைச்செல்வி ஒன்று, முத்துமீனா நான்கு, பவதாரிணி ஆறு. சூரியபிரகாஷ் எம்பிஏ படித்தவன். சட்டை கசங்காது, குரல் உயராது. திட்டுகிற மேனேஜரை எப்படிச் சமாளிப்பது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். திட்டாத இவனை என்ன செய்வது என்றுதான் தெரியாது.

முதலில் எல்லாம் நல்லதாகவே நடந்தது. காலையில் டீக்கு இடைவேளை விட்டான். அடுத்த வாரம் விளக்கை மாற்றி வெளிச்சம் கூட்டினான். அதற்கடுத்த வாரம் சுண்டல் வந்தது. சுண்டல் வந்த அன்று தாமரைச்செல்விக்குச் சாப்பிடக் கை ஓடவில்லை. ஏனென்றால் முந்தின வாரம் அவள் அடித்த பிஸ்கட் ஃபேக்டரி அறிக்கையில் அந்தப் பெண்களுக்கும் தின்பண்டம் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன் விளக்கு. அதற்கும் முன் டீ. அங்கேயும் தனியாக ஓர் அறை, ஆறு பெண்கள், எண் ஒட்டிய நாற்காலிகள்.

அறிக்கைகளை அடிப்பது அவளும் முத்துமீனாவும். அடித்து முடித்த ஃபைலை வெள்ளிக்கிழமை சூரியபிரகாஷ் எடுத்துப் படிப்பான். மூலத்தைப் படிக்க அவனால் ஆகாது, அந்த எறும்பு எழுத்தில் ஒரு வரி கூட அவனுக்குப் புரியாது. இவர்கள் அடித்துக் கொடுத்ததைப் படித்துவிட்டுத் திங்கட்கிழமை இவர்கள் மேலேயே செய்து பார்ப்பான்.

"நம்மள அடுத்து என்ன பண்ணலாம்னு நம்மகிட்டயே கேட்டு எழுதி வாங்குறான்க்கா" என்றாள் தாமரைச்செல்வி.

"போடி. சுண்டல் குடுத்தா திங்க வேண்டியதுதான" என்றாள் முத்துமீனா. ஆனால் அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த பாகம் வந்தது. டீயும் தின்பண்டமும் வெளிச்சமும் கொடுத்த பிறகும் வேலை எதிர்பார்த்த அளவு கூடவில்லை என்று எழுதியிருந்தார்கள் துரைமார். காரணமும் கண்டுபிடித்திருந்தார்கள். நான்காம் எண். மற்றவர்கள் அடிக்கடி அவள் பக்கம் திரும்புகிறார்கள், அவளும் பதில் சொல்கிறாள், அதனால் ஆறு பேருடைய கையும் தாமதப்படுகிறது. கடைசி வரி இப்படி இருந்தது: நான்காம் எண்ணை வேலையிலிருந்து நீக்கத் தீர்மானித்தோம்.

தாமரைச்செல்வி திரும்பிப் பார்த்தாள். நான்காம் இருக்கையில் முத்துமீனா அதே பக்கத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, விரல்களைச் சாவிகளின் மேல் வைத்தபடி, அடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று ஆட்டோவில் ஏறாமல் இருவரும் பைபாஸ் ஓரமாக நடந்தார்கள்.

"இதை இப்படியே அடிச்சுக் குடுத்தா திங்கக்கிழமை நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லூசிய எப்படிப் பொழைக்க வச்சாய்ங்க? அது மாதிரி மாத்துவோம்க்கா."

"கம்ப்யூட்டர் காட்டிக்குடுத்துரும்டி."

"ஒருத்தர் மாத்துனாத்தான் காட்டும். நீயும் நானும் ஒண்ணா மாத்துனா?"

முத்துமீனா நின்றுவிட்டாள். இருபக்கமும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நான்காம் எண்ணை வச்சுக்கிட்டோம்னு எழுதுனா போதுமா?" என்று கடைசியில் கேட்டாள்.

"அதெப்படிப் போதும்? வச்சுக்கிட்டதுனால அவனுக்கு என்ன லாபம்னு எழுதணும். இல்லாட்டி நம்ப மாட்டான். இப்படிப் போடுவோம். நீக்குறதுக்குப் பதிலா, எல்லாருக்கும் தினசரி வேலைய அஞ்சுல ஒரு பங்கு கூட்டுனோம், பேசுறதுக்கு நேரமே இல்லாமப் போச்சு, நான்காம் எண்ணே முந்திக்கிட்டு முடிச்சா."

"அம்புட்டு வேலைய யாருடி அடிக்கிறது?"

"எழுத்துல தானக்கா கூட்டுறோம். கொஞ்ச நாள்ல அடுத்த பாகம் வரும், அவன் வேற எதையாவது பிடிச்சுக்கிட்டுப் போயிருவான்."

இதுதான் சிக்கல். தொடர்கதை படிக்கிறவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, இந்த ஒரு பாகத்தில் ஆளைக் காப்பாற்றிவிட்டால் போதும், மிச்சத்தை அடுத்த பாகம் பார்த்துக்கொள்ளும் என்று. கடைசிப் பாகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நடுப்பாகத்தை மாற்றுவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நான்கே வாக்கியங்கள், ஆங்கிலத்தில். தாமரைச்செல்வி சொல்லச் சொல்ல, முத்துமீனா கமா எங்கே, புள்ளி எங்கே என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். மறுநாள் இருவரும் அடித்தார்கள். கம்ப்யூட்டர் ஒப்பிட்டது. மஞ்சள் கோடு ஒன்றுகூட விழவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கையைக் கோத்துக்கொண்டு படியிறங்கினார்கள்.

திங்கட்கிழமை சூரியபிரகாஷ் கண்ணாடி அறைக்கு வந்தான். ஆறு பேரையும் பார்த்துப் புன்னகைத்தான்.

"உங்கள்ல யாரையும் மாத்துறதா இல்லைம்மா. எல்லாரும் இருங்க. டார்கெட்டை மட்டும் இருபது பர்சன்ட் ஏத்துறோம். முடியும், பண்ணிப் பாத்திருக்காங்க."

சுவரில் ஒரு திரை மாட்டினார்கள். அதில் ஆறு பெயர்களும் ஓடும். கை தாமதித்தால் பெயர் சிவப்பாகும். முதல் வாரம் எல்லோரும் அதைக் கிண்டல் செய்தார்கள். இரண்டாவது வாரம் கிண்டல் செய்ய நேரமில்லை. டீ ஆறி, மேலே ஆடை படிந்து, அப்படியே திரும்பிப் போனது. லூசி கதையின் புதிய பாகம் வந்து யாரோ அடித்தும் முடித்தார்கள். லூசி என்ன ஆனாள் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு மாதத்தில் அதே டார்கெட் வெளி ஹாலுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பிஸ்கட் ஃபேக்டரி அறிக்கையின் அடுத்த பாகம் மட்டும் வரவில்லை. நூலகத்தில் ஏதோ தாமதம் என்றார்கள்.

முத்துமீனாவிடம் இப்போது யாரும் திரும்பி எதுவும் கேட்பதில்லை. அவள் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தாள். சிவப்பில் அதிகம் நின்றது அவள் பெயர்தான். சூரியபிரகாஷ் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தைலம் வாங்கிக் கொடுத்தான்.

ஒருநாள் காலையில் நான்காம் இருக்கை காலியாக இருந்தது. தாமரைச்செல்வி போன் அடித்தாள்.

"முடியலடி. சோத்தப் பிசைய முடியல, அவரத் தூக்கி உக்கார வைக்க முடியல. நானே எழுதிக் குடுத்துட்டேன். திருப்பரங்குன்றத்துல ஒரு பாத்திரக் கடையில நிக்கக் கூப்பிட்டாக, இன்னைக்கே வந்துட்டேன். பாதிச் சம்பளந்தான்."

"அக்கா, நான்தானக்கா அந்த அஞ்சுல ஒண்ண..."

"நீ என்னடி பண்ணுவ. நானுந்தான அடிச்சேன். வை, கடைக்காரரு பாக்குறாரு."

தாமரைச்செல்விக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. முத்துமீனா துரத்தப்படாமல் இருக்க எழுதியது, துரத்தாமலே அவளை அனுப்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கடைசிப் பாகம் வந்தது. ஒன்றாம் இருக்கையில் தாமரைச்செல்வி. முத்துமீனாவுக்குப் பதிலாக அதை அடிக்க ஆறாம் இருக்கையில் பவதாரிணி. தாமரைச்செல்வி அடித்துக்கொண்டே வந்தவள் இரண்டாவது பத்தியில் நின்றுவிட்டாள்.

நான்காம் எண்ணை வெளியே அனுப்பிய அன்று மத்தியானமே மற்ற ஐந்து பெண்களும் கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகவில்லை. துரைமார் கேட்டதற்கு, அவள் வந்து அவள் இடத்தில் உட்காரட்டும், பிறகு தொடுகிறோம் என்று மட்டும் சொன்னார்கள். பக்கத்துக் கூடத்திலும் கைகள் நின்றன. வாரம் முடிவதற்குள் நான்காம் எண்ணைத் திரும்ப அழைத்து உட்கார வைத்தார்கள். அறையைக் கலைத்தார்கள். ஆராய்ச்சி கைவிடப்பட்டது. அவ்வளவுதான் அறிக்கை. அதற்குமேல் பக்கமே இல்லை.

தாமரைச்செல்வி அந்தப் பத்தியை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். மாற்றாமல் விட்டிருந்தால் இப்படி நடந்திருக்குமா? இங்கே ஐந்து பேர் கையை எடுத்திருப்போமா? எடுத்திருப்போம் என்று அவள் அடித்துச் சொல்வாள். அப்போது எல்லோருக்கும் முத்துமீனாவைத் தெரியும், லூசியைத் தெரியும், பக்கத்தில் இருப்பவள் முகம் தெரியும். வெள்ளிக்கிழமை சூரியபிரகாஷ் இதைப் படிப்பான். முன் பாகத்தில் வைத்துக்கொண்டவளைப் பிறகு அனுப்பியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வான். ஆளை வெளியே அனுப்பினால்தான் ஆபத்து, தானாகப் போக வைத்தால் ஒன்றும் நடக்காது என்று அவன் புரிந்துகொள்வான். அவனுக்கு அதை நிரூபித்துக் காட்டியதே இந்த அறைதான்.

இன்னும் நேரம் போய்விடவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஐந்து பேர் இருக்கிறார்கள். அதே வரிகளை இந்த நிமிஷம் இன்னொருத்தியும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லூசிக்காக எழுந்து நின்று கத்திய பிள்ளை. தாமரைச்செல்வி சாவிகளிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ஆறாம் இருக்கையின் சத்தம் நிற்கவில்லை. அந்தப் பத்தியைத் தாண்டி, அதே வேகத்தில், அடுத்ததற்குப் போனது.

எழுந்து அவளருகே போய் நின்றாள்.

"பவா, இப்ப என்ன அடிச்ச?"

"எந்த ஃபைல்க்கா?"

"இந்தப் பக்கந்தான். அந்தப் பொண்ணுக என்ன பண்ணாகன்னு படிச்சியா?"

பவதாரிணி தலையைத் திருப்பவில்லை. கண் திரையில், விரல்கள் சாவிகளின் மேல் ஓடிக்கொண்டே இருந்தன.

"சொல்லுங்கக்கா" என்றாள். "கேட்டுக்கிட்டேதான் அடிக்கிறேன்."