துளையில்லாத நாற்பத்தொரு மணிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, நூலகத்தில் வேலை பார்க்கும் அண்ணி புது வெள்ளி மாலையைக் கழுத்தில் மாட்டியதும் தரையிலிருந்து இரண்டு முழம் மேலே போய் நின்றாள். கையிலிருந்த தேநீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மாலையைச் செய்தவள் அவளுடைய நாத்தனார். எதையும் மூன்று தடவை அளந்து பார்ப்பதால் வீட்டில் அவளுக்கு ‘மூணுதரம்’ என்றே பெயர். வெள்ளித் தகட்டைக் காசு காசாக வெட்டி, குழிக்கட்டையில் வைத்துத் தட்டிக் கிண்ணமாக்கி, இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் சேர்த்து, பற்றுப்பொடி வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதி ஒட்டவைத்தால் ஒரு மணி. தலையில் ஒரு வளையம். இப்படி நாற்பத்தொன்று. ஒட்டவைக்கும் முன் ஒரு கிண்ணத்தில் ஊசிமுனை அளவு துளை போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று சூடேறி மணி வெடித்துவிடும். பட்டறையில் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது. மூணுதரம் ஒன்றில்கூடத் துளை போடவில்லை. மாலை செய்த வாரம் முழுவதும் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, நூலகத்துக்கு வருகிறவர்களைப் போலவெல்லாம் நடித்துக் காட்டினாள். ஊதுகுழலை வாயில் வைத்தபடியே சிரித்துச் சிரித்து இவள் மறந்துபோனாள். ஒரு மணியும் வெடிக்காததால் நினைவும் வரவில்லை.

உள்ளே அடைபட்ட காற்றுதான் அண்ணியைத் தூக்குகிறது என்று இப்போதுதான் மூணுதரத்துக்கு உறைத்தது. ஆறு வருஷமாக அவள் செய்த நகைகளெல்லாம் அடுத்தவர் முத்திரையோடுதான் வெளியே போயின. வெள்ளிக்கிழமை பொற்கொல்லர் சங்கத்தில் இந்த மாலை தேறினால்தான் சொந்த முத்திரை.

“இறங்குங்க அண்ணி, இப்பவே துளை போட்டுடறேன்.”

அண்ணி இறங்குகிற வழியாக இல்லை. நாலரை அடி உயரம் அவள். மேல்தட்டுப் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் பதினொரு வருஷமாக யாரையாவது கெஞ்சிக்கொண்டிருந்தவள்.

“போடி. கீழ நிக்கிற உங்க அண்ணன் உச்சந்தலையில சொட்டை விழுந்திருக்கு. இவ்ளோ நாளா எங்கிட்ட மறைச்சிருக்காரு பாரு!”

மாலை தராசுத் தட்டில் நிற்காது என்பதால் வெள்ளிக்கிழமை அண்ணியே அதைப் போட்டுக்கொண்டு சங்கத்துக்கு வந்தாள். சோதிக்கிறவர்கள் மூன்று பேர் நாற்காலி மேல் ஏறி நின்று, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் தாடிக்காரத் தலைவர், “துளை எங்கம்மா?” என்றார்.

வேண்டுமென்றே விட்டதாகச் சொல்லியிருக்கலாம். “மறந்துட்டேங்க,” என்றாள் மூணுதரம்.

“நாப்பத்தொண்ணுலயும் போட்டுக் குடு. முத்திரை குத்திடறேன்.”

அவள் துளைக்கருவியை எடுத்தாள். அண்ணி தானே கொக்கியைத் தேடிக் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். “எடுத்துக்கோடி. எனக்கென்ன, நூலகத்துல ஏணி இருக்கு.”

மூணுதரம் ஒரே ஒரு தடவைதான் யோசித்தாள். கருவியை மேசையில் வைத்தாள். “வேணாங்க. மாலை இப்படியே இருக்கட்டும். முத்திரை இல்லாட்டியும் பரவாயில்ல.”

துளையில்லாத மணி விதிப்படி சரியா, தப்பா என்று மூவருக்கும் வாக்குவாதம் வந்தது. விதிப்புத்தகம் அலமாரி உச்சியில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை. அண்ணி போய் எடுத்து, மூன்று தலைகளிலும் தூசியைத் தட்டிவிட்டு நீட்டினாள். ‘உள்ளீடற்ற மணி நெருப்பில் வெடிக்கலாகாது’ என்றுதான் அதில் எழுதியிருந்தது. துளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைவர் இரண்டு முறை படித்தார், மூக்கைச் சொறிந்தார், அண்ணியின் காலைப் பிடித்துக் கீழே இழுக்கச் சொல்லிக் கொக்கியில் முத்திரை குத்தினார்.

அடுத்த நான்கு வருஷத்தில் அந்த முத்திரையோடு இருபத்தாறு மாலைகள் வெளியே போயின. வர்ணம் பூசுகிறவர்கள் வாங்கினார்கள், மின்கம்பத்தில் வேலை செய்கிறவர்கள் வாங்கினார்கள். நூலகத்துக்கு வருகிறவர்கள் இப்போது கதவைத் திறந்ததும் மேலே பார்த்துத்தான் வணக்கம் சொல்கிறார்கள்.