விடுதலைச் சீட்டு

இராஜபாளையத்தில் சௌந்தரபாண்டியனின் பேண்டேஜ் கம்பெனி மாடியில் ஞாயிறுதோறும் வாசிப்பு வட்டம் கூடும். இந்த வருடம் யூத எழுத்து என்று முடிவு செய்தவர் அவர்தான். மிக்சர் வாங்கி வைப்பவரும் அவர்தான். கடவுளையே குற்றவாளியாக நிறுத்திக் கேள்வி கேட்கும் கதைகள், நாடில்லாமல் அலைந்தவர்களின் சிந்தனைகள் என்று மொழிபெயர்ப்புகளாகத் தேடித் தேடிப் படித்தார்கள்.

அன்றைய கதை ஒரு மனைவியைப் பற்றியது. புருஷன் ஓடிப்போய்விட்டான். அவர்கள் வழக்கப்படி அவனாக விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்கு இன்னொரு வாழ்க்கை. அவனோ சேர்ந்து வாழவும் இல்லை, விடவும் இல்லை. கடைசியில் தெருவே கூடி அவனை ஒதுக்குகிறது. பேச்சு கிடையாது, பந்தி கிடையாது, ஜெப ஆலயத்தில் கூட்டுப் பிரார்த்தனைக்கும் அவனைச் சேர்ப்பதில்லை.

சௌந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த ஊர்க்காரவுக செஞ்சதுதான் சரி. அவனுக்குப் பச்சத்தண்ணி குடுத்தவனையும்ல சேத்து ஒதுக்கணும்!" என்றார். எல்லாரும் சரிதான் என்று தலையாட்டினார்கள்.

ஊருக்கு உபதேசம் செய்யக் கசக்குமா என்ன? சுவரோரம் உட்கார்ந்திருந்த சண்முகத்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. மில் சூப்பர்வைசரான அவள் அவருடைய தம்பி வேல்பாண்டியின் மனைவி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றும் வேல்பாண்டி ஊர் திரும்பவில்லை. வடக்கே இன்னொருத்தியோடு குடித்தனம். விவாகரத்து கேட்டு அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு அலையாய் அலைகிறாள். பழைய விலாசத்துக்கு அனுப்பிய நோட்டீஸ் எல்லாம் ஆள் இல்லை என்று திரும்பி வருகிறது. அண்ணனைக் கேட்டால், "சத்தியமா அவன் விலாசம் தெரியாது தாயி" என்பார். தீபாவளி தவறாமல் தம்பிக்குப் பால்கோவா பார்சல் போவதை அவர் மனைவி ஈஸ்வரி போன வாரம்தான் வாய் தவறி உளறினாள்.

"சௌந்தரபாண்டியன் சார்," என்றாள் சண்முகத்தாய். எப்போதும் அத்தான் என்று தலைகுனிந்து பேசுகிறவள். பயமாகத்தான் இருந்தது. ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"பால்கோவா போய்ச் சேருத விலாசத்துக்குக் கோர்ட்டு நோட்டீஸ் போய்ச் சேராதா?"

அவர் முகம் செத்துப் போனது. "ஏட்டி, குடும்ப விசயத்த நாலு பேரு முன்னால பேசாத."

"கதையில வார பொம்பளைக்கும் அது குடும்ப விசயந்தான். அதுக்கு மட்டும் அழுதீய?" அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "தம்பி விலாசத்த வச்சுக்கிட்டே தெரியாதுன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணுனாக. ஒதுக்குனது சரின்னு இப்பத்தான எல்லாரும் சொன்னீய? ஒதுக்குங்க பாப்போம்."

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் யோகேஸ்வரி முதலில் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கி, சௌந்தரபாண்டியனுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தாள். ரிட்டயர்டு ஏட்டு சங்கையா அவரோடு படித்தவர், கைமாறு கருதாமல் பழகியவர். அவரும் திருப்பிப் போட்டார். பிறகு நாற்காலிகள் வரிசையாக இழுபட்டன.

"விளையாடுதீயளா? இது என் கட்டடம்!"

டீ வந்தது. அவரே ஒரு டம்ளரை எடுத்துப் போய்ச் சங்கையாவிடம் நீட்டினார். சங்கையா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது. ஊரில் எந்த விசேஷத்துக்கும் முதல் மரியாதை வாங்கும் கை.

அவரை நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் சண்முகத்தாய் ஒருத்திதான்.

"கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுக்கச் சொல்லுதியா?" என்றார்.

"ஆமா."

டம்ளரைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்தபடி வீட்டு நம்பரைச் சொன்னார், தெருவைச் சொன்னார். "திருமலகிரி, செகந்திராபாத். அம்புட்டுத்தான். போதுமா?"

"பின்கோடு?" என்றாள் சண்முகத்தாய்.