இருபது வந்தால்

போன் ரிப்பேர் கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் பேட்டரி டாக்டர். உடைந்த திரையை மாற்ற வந்தவரைக்கூடச் சும்மா விடமாட்டார். "இருபது பர்சென்ட்ல சார்ஜ்ல மாட்டுங்க, எண்பதுல கழட்டுங்க. தலையணைக்கு அடியில வச்சு சார்ஜ் போட்டா சூடாகி பேட்டரி உப்பிடும்" என்று ஓதித்தான் அனுப்புவார். அவர்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டுப் போய், விடியவிடிய சார்ஜில் போடுவார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் அவருடைய அப்பா. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது மறதி நோய். சாப்பிட்டது மறக்கும், மருமகள் பெயர் மறக்கும். ஆனால் மகன் சுவரில் எழுதி ஒட்டிய வரி மட்டும் பசுமரத்தாணி போலப் பதிந்துவிட்டது: "இருபது வந்தால் சார்ஜர். சார்ஜர் இல்லையா, உடனே ஆஃப்." அப்பாவின் போன் இருபதில் பீப் அடிக்கவும் மகனே வைத்துக் கொடுத்திருந்தார். இதையாவது பிடித்துக்கொண்டாரே என்று மகனுக்கு ஏகப்பட்ட பெருமை.

அன்று மத்தியானம் வீட்டிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னங்க, மாமாவைக் காணோம். துணி காயப்போட்டுட்டு வந்து பார்த்தா கதவு திறந்து கிடக்கு. தெருமுனை வரைக்கும் ஓடிப் பார்த்துட்டேன்."

அவர் உடனே அப்பாவின் போனுக்கு அழைத்தார். நல்லவேளை, எடுத்துவிட்டார்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"டியூட்டிக்குப் போறேன்டா. டிப்போதான் எங்கேன்னு தெரியல."

"எதிர்ல என்னப்பா தெரியுது?"

"சுவரு."

"அதுல ஏதாவது எழுதியிருக்கா?"

"வெள்ளையடிச்சிருக்கான். நல்லாத்தான் அடிச்சிருக்கான்."

ஊரில் வெள்ளைச் சுவருக்கா பஞ்சம்? அவருக்கு அழுகை முட்டியது. அழுதால் அப்பா பயந்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டார்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஒரு அம்மா பையைத் தூக்கிட்டு வருது."

அப்பாடா என்றிருந்தது. "அவங்ககிட்ட போனைக் கொடுங்கப்பா. நான் பேசிக்கிறேன்."

"இரு, ரோட்டைத் தாண்டட்டும். பாவம், வெயில்ல வருது."

அப்போதுதான் பீப் அடித்தது. அவரே தேர்ந்தெடுத்து வைத்த சத்தம்.

"இருபது வந்துடுச்சே" என்றார் அப்பா.

இருபதில் இன்னும் ஒரு மணி நேரம் தாராளமாகப் பேசலாம். அது டாக்டருக்குத் தெரியாதா? "பரவாயில்லப்பா, ஆஃப் பண்ணாதீங்க! பேசிட்டே இருங்க!"

"சார்ஜர் கொண்டுவரலையே."

"பேட்டரி நாசமாப் போகட்டும்பா! ஆஃப் மட்டும் பண்ணாதீங்க!"

அப்பாவின் குரல் வேற்றாளிடம் பேசுவது போல மரியாதையாக வந்தது.

"நீங்க யாருன்னு தெரியல தம்பி. ஆனா தெரியாம பேசாதீங்க. இருபது வந்தா ஆஃப் பண்ணணும்னு என் பையன் சொல்லியிருக்கான். இந்த விஷயத்துல அவன் பெரிய டாக்டரு."

போன் அணைந்தது. அவர் மறுபடி மறுபடி அழைத்தார். பிறகு கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.