பகலில் தூங்குகிறவர்கள் மன்றம்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரு வருடம் முடிந்த பிறகும் ருக்ஸாருக்கு அந்த வளாகத்தில் வகுப்பறைகளைத் தவிர வேறெந்த இடமும் பழகவில்லை. காலையில் மதுராந்தகத்தில் ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்குவாள். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் பஸ். சாயங்காலம் கடைசி வகுப்பு முடிந்ததும் அதே வழியில் ஓடுவாள். அந்த ரயிலை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும்.

அவள் ஓடும் நேரத்தில்தான் வளாகம் உயிர் பெறத் தொடங்கும். ஒரு மாடியில் யாராவது கிடாருக்குச் சுருதி சேர்ப்பார்கள். நாடகக்காரர்கள் புல்வெளியில் நின்று ஒருவரையொருவர் துரோகி என்று கத்திவிட்டு உடனே சிரிப்பார்கள். பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கும்போது, ஒரு கல்யாண வீட்டைத் தாண்டிப் போவது போல அவளுக்கு இருக்கும்.

இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் மன்றங்களுக்கு ஆள் சேர்க்கும் நாள் வந்தது. ஷாமியானாவுக்குக் கீழே வரிசையாக மேஜைகள் போட்டிருந்தார்கள். புகைப்பட மன்றத்தின் மேஜைக்கு முன்னால் ருக்ஸார் நின்றாள்.

"ஈவினிங் ஆறு மணிக்கு மேல இருப்பியா?" என்று அங்கே உட்கார்ந்திருந்தவன் கேட்டான்.

"இல்ல. நான் டே ஸ்காலர்."

"அப்ப கஷ்டம்பா. எல்லா மீட்டிங்கும் ஈவினிங்தான்."

அடுத்த மேஜையிலும் அதே பதில்தான். அவள் ஷாமியானாவை விட்டு வெளியே வந்து, சத்தம் குறைகிற பக்கமாக நடந்தாள். நூலகத்துக்குப் பின்னால் ஒரு திறந்தவெளி மேடை இருந்தது. சிமெண்டுத் தரை, நான்கு தூண்கள், மேலே ஒரு கூரை. அவ்வளவுதான். பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள்.

ஆடி மாதத்து வெயிலில் தூரத்துக் கட்டடங்கள் தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடின. பிறகு கிழக்கிலிருந்து காற்று வந்தது. மாமல்லபுரம் பக்கத்துக் கடற்காற்று மத்தியானத்துக்கு மேல்தான் இத்தனை தூரம் உள்ளே வரும். முதலில் தூரத்துப் பனைமரங்கள் அசைந்தன. அப்புறம் நெற்றியில் ஈரமாக ஏதோ தொட்டது. அவள் தூங்கிப்போனாள்.

விழித்தபோது மேடையின் மறுகோடியில் ஒருவன் படுத்திருந்தான். முகத்தின் மேல் கைக்குட்டை. எழுந்து உட்கார்ந்தவன் அவளைப் பார்த்து வெட்கப்பட்டான். அவள் வகுப்புக் கலைவாணன். அச்சரப்பாக்கத்தைத் தாண்டி உள்ளே ஒரு ஊரிலிருந்து வருகிறவன். அவன் அம்மா சந்திரம்மா சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் வேலை செய்கிறார். அவரை ஏற்றிப்போகும் கம்பெனி வேன் விடியும் முன்பே வந்துவிடும். வீடு முழுக்க அப்போதே எழுந்துவிடும்.

"நீயும் இங்கதானா?" என்றான். "நான் போன வருசத்திலேர்ந்து இங்கதான் தூங்கிகினு கீறேன். யாருகிட்டயும் சொல்லாத."

"சொல்லல. செம கனவு ஒண்ணு கண்டுகினு இருந்தேன். நீ தும்மி எழுப்பிட்ட."

"இன்னா கனவு?"

ருக்ஸார் யோசித்தாள். அவள் அப்பாவுக்கு மதுராந்தகத்தில் செருப்புக் கடை. "எங்க அத்தாவோட செருப்புக் கடை. ஆனா எல்லாமே எடது கால் செருப்பு. ஒருத்தர் வராரு, அவருக்கு ரெண்டு காலும் எடது கால். ரொம்ப சந்தோசமா வாங்கிகினு போறாரு."

கலைவாணன் வெகுநேரம் சிரித்தான். மறுநாள் அவன் தன் கனவைச் சொன்னான். மதுராந்தகம் ஏரி எழுந்து நடந்து வந்து ரயிலில் ஏறிவிட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் 'கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஏரி உக்காரணும்' என்று இடம் கொடுத்தார்கள். செங்கல்பட்டு வரும்வரை எல்லோருடைய மடியிலும் மீன்கள்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், யாரோ கைதட்டி எழுப்பினார்கள். சிநேகா நின்றிருந்தாள். அவளை வளாகத்தில் தெரியாதவர்கள் கிடையாது. நடன மன்றம், நாடக மன்றம், விழாக் குழு எல்லாவற்றிலும் அவள் பெயர் இருக்கும். பெரம்பூர்க்காரி, விடுதியில் தங்கிப் படிக்கிறவள்.

"ஹலோ, எழுந்திரிங்க. நான் ப்ராக்டிஸ் பண்ணணும்."

"கொஞ்ச நேரம் கழிச்சி பண்ணேன்," என்றான் கலைவாணன், கைக்குட்டையை எடுக்காமலே.

"எப்டி உங்களால முடியுது?" சிநேகாவின் குரலில் இருந்த கோபம் பாதியில் வேறு ஏதோவாக மாறியது. "எனக்கு ரூம்ல ஒரு பொட்டு தூக்கம் வர்றதில்ல. ஆறு மாசமா. கண்ண மூடினா அடுத்த ஸ்டெப் ஓடுது, அடுத்த ஈவென்ட் ஓடுது. மாத்திரை கூட போட்டுப் பாத்துட்டேன்."

ருக்ஸார் தன் பக்கத்தில் கிடந்த புத்தகங்களை நகர்த்தினாள். "வந்து படு. தூங்கணும்னு இல்ல. சும்மா படு."

சிநேகா நம்பிக்கையில்லாமல்தான் படுத்தாள். காற்று வந்தது. அடுத்த வகுப்புக்கு மணி அடித்து, அதுவும் முடிந்த பிறகு விழித்தாள். முழங்கையில் சிமெண்டுத் தரையின் தடம் பதிந்திருந்தது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மற்ற இருவருக்கும் புரியவில்லை.

பிறகு அவள் தினமும் வந்தாள். அவளைப் பார்த்து விடுதிப் பெண்கள் சிலர் வந்தார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் வந்துபோகிறவர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம், நடுவில் பைகளின் வரிசை. பேசக்கூடாது, போன் பார்க்கக்கூடாது, எழுந்ததும் கனவைச் சொல்ல வேண்டும். இவையே சட்டம். ஒரு மன்றத்திலும் சேர முடியாமல் திரும்பிய ருக்ஸாரை எல்லோரும் தலைவர் என்று கூப்பிட்டார்கள். வராந்தாவில் நடந்தால் இப்போது யாராவது நிறுத்தி, "தலைவரே, இன்னிக்கி ஒரு யானை வந்துச்சு" என்று தொடங்குவார்கள். முகம் தெரியாத ஒருவனுடைய கனவில் வந்த தெருவை அவளுக்குத் தெரிந்திருந்தது. வளாகம் அவளுக்கு உள்பக்கமாகத் திறந்தது.

சிநேகாவுக்கு மட்டும் கனவே வரவில்லை. "கறுப்பாத்தான் கீது" என்பாள், கலைவாணனைப் போலப் பேசிக் காட்டி.

மாணவர் நலன் பார்க்கும் பேராசிரியை பிரபாவதியிடம் போய், இதை மன்றமாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தூங்கறதுக்கு ஒரு மன்றமா? நான் இத யாருகிட்டம்மா போய் சொல்லுவேன்?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முடியாது. ஆனா நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். போங்க" என்றார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, அரை நாள் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மாமல்லபுரம் பஸ் ஏறினார்கள். சுற்றுலாக் கூட்டம் இருக்கிற பக்கம் போகாமல், ஊரைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குப் போனார்கள். தரையெங்கும் காய்ந்த சவுக்கு இலை மெத்தை போலக் கிடந்தது. மரங்களின் இரைச்சல் எது, கடலின் இரைச்சல் எது என்று பிரிக்க முடியவில்லை. மழை வரப்போகிற வெளிச்சம். மணலுக்கும் வானத்துக்கும் ஒரே நிறம். கரையேற்றிய படகு ஒன்றின் நிழலில் ஒரு நாய் ஏற்கெனவே மன்றத்தில் சேர்ந்ததுபோலப் படுத்திருந்தது.

ருக்ஸார் பாதித் தூக்கத்தில் கண் திறந்தாள். சுற்றிலும் அவளுடைய நண்பர்கள் கிடந்தார்கள். ஒருவர் மூச்சு ஏறும்போது இன்னொருவர் மூச்சு இறங்கியது. இவர்களையெல்லாம் சில மாதங்களுக்கு முன்புவரை தெரியாது என்பதை நம்ப முடியவில்லை. அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

சிநேகா எழுந்து உட்கார்ந்த வேகத்தில் எல்லோரும் விழித்துவிட்டார்கள்.

"வந்துச்சு!" என்றாள். தலைமுடியெல்லாம் சவுக்கு இலை. "நான் ஸ்டேஜ்ல ஆடறேன். கீழ அவ்ளோ பேரும் தூங்கறாங்க. ஒருத்தர் கூட பாக்கல. அய்யோ, அவ்ளோ நல்லா ஆடுனேன்!"

கலைவாணன் முதலில் கைதட்டினான். பிறகு எல்லோரும்.

அந்தத் தோப்பில் வேறு யாரோ இருந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை, யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத, மாணவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்றில் படம் வந்தது. சவுக்கு மரங்களுக்குக் கீழே தூங்கும் பையன்கள், பெண்கள். நடுவில் இருந்த பைகளைப் படத்திலிருந்து வெட்டி நீக்கியிருந்தார்கள். மேலே, 'பாடம் நடக்குது, தொந்தரவு பண்ணாதீங்க' என்று எழுதி, கேலிச் சிரிப்புப் படங்கள். முன்வரிசையில் முக்காடு விலகி, வாயைத் திறந்தபடி தூங்குகிற ருக்ஸார்.

சாயங்காலத்துக்குள் அது மதுராந்தகம் வந்து சேர்ந்துவிட்டது. பெரியத்தா மகன் ஜைத் தன் போனை அவளுடைய அத்தா அமீரிடம் நீட்டினான். அமீர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கப் போனார். திட்டியிருந்தால் ருக்ஸாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் மேடையில் யாரும் படுக்கவில்லை. மன்றத்தைக் கலைத்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னாலதான். பீச்சுக்குப் போலாம்னு நான்தான் சொன்னேன்," என்றாள் சிநேகா.

அப்போது நூலகத்தின் பக்கமிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வெயிலில் நடந்து வந்தார். கழுத்தில் பார்வையாளர் அட்டை தொங்கியது. ருக்ஸார் எழுந்து நின்றாள்.

"அத்தா... கடை?"

"சாத்திட்டு வந்தேன்." அமீர் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இந்தப் புள்ளைங்கதானா?"

கலைவாணன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். "அங்கிள், நடுவுல பை வெச்சிருந்தோம். வேணும்னே கட் பண்ணிட்டானுங்க."

"உன்ன நான் ஒண்ணும் கேக்கலப்பா." தண்ணீரைக் குடித்தார். "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் கடையில நின்னுகினு இவள படிக்க அனுப்புறேன். இங்க வந்து தூங்குறான்னு ஊரே சொல்லுது. நான் இன்னா பதில் சொல்றது?"

ருக்ஸார் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "படிக்கிறேன் அத்தா. மார்க் பாத்தீங்கல்ல. ஆனா இங்க எனக்கு யாருமே இல்லாம இருந்திச்சு. வருவேன், போவேன். அவ்ளோதான். இதுலதான் எல்லாரும் வந்தாங்க."

அமீர் பாட்டிலை மூடிக் கலைவாணனிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "தெனம் இன்னா பண்ணுவீங்க?" என்றார்.

"படுப்போம்."

"படுங்க அப்ப. நான் பாக்கறேன்."

யாரும் அசையவில்லை. "படுங்கன்னு சொல்றேன்ல!" என்றார். பைகளை நடுவில் அடுக்கிவிட்டு அவரவர் இடத்தில் விறைப்பாகப் படுத்தார்கள். யாருக்குத் தூக்கம் வரும்? ருக்ஸார் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். வெயில் நகர்ந்தது. பனைமரங்கள் அசையும் ஓசை கேட்டது. ஈரக்காற்று மேடையின் மேல் ஏறி, எல்லோரையும் ஒரு முறை தடவிவிட்டு மறுபக்கம் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் எழுந்தது. ருக்ஸார் தலையைத் திருப்பினாள். அத்தா தூணில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து கடைச் சாவி பாதி வெளியே வந்திருந்தது. அவர் பகலில் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால்கூட நேராகக் கடைக்குத்தான் போவார். அந்த முகத்தில் அவளுக்குத் தெரியாத ஒரு பையன் இருந்தான்.

சிநேகா வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு அவளும் தூங்கிவிட்டாள். ஒவ்வொருவராக எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

மணி அடித்தபோது அமீர் திடுக்கிட்டு எழுந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அங்கிள்," என்றாள் சிநேகா, மெதுவாக. "தூங்குனா கனவு சொல்லணும். அதுதான் ரூல்."

"கனவா? எனக்கெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "ஒரு க்ளாஸு. நான் பெஞ்சுல உக்காந்துகினு கீறேன். வாத்தியார் எல்லார் பேரும் கூப்புடறாரு. எம் பேர மட்டும் கூப்புடல. எனக்கு அதப் பத்தி ஒண்ணும் இல்ல. வெளிய நல்ல மழை. பெல் அடிச்சிடிச்சி, எல்லாப் பசங்களும் பூட்டாங்க. வாத்தியார் வந்து, 'இன்னா அமீரு, வூட்டுக்குப் போகல?' அப்டின்றாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்றான் கலைவாணன்.

"'இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன் சார்'னேன்."

அமீர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "போங்க, போங்க, க்ளாஸுக்குப் போங்க" என்று விரட்டினார். ருக்ஸாருடைய வகுப்புகள் முடியும்வரை அவர் அந்த மேடையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த இன்ஸ்டாகிராம் படம் சில நாளில் மறக்கப்பட்டது. அதைப் போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மன்றத்துக்கு அனுமதியும் கிடைக்கவில்லை. சிநேகா விழாக் குழுவிலிருந்து விலகிக்கொண்டு நடனத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். மத்தியானத்தில் மேடை நிறைந்துதான் இருந்தது.

அமீர் வளாகத்துக்கு வந்த அன்று சாயங்காலம், அத்தாவும் மகளும் செங்கல்பட்டில் ஒன்றாக ரயில் ஏறினார்கள். அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். பாலாற்றுப் பாலத்தில் ரயில் தடதடத்தது. கீழே மணலுக்கு நடுவே மெல்லிசாக ஓடிய தண்ணீர் செம்பு நிறத்தில் மின்னியது.

"ஜைத் கேட்டா இன்னா சொல்லுவீங்க?" என்றாள் ருக்ஸார்.

"நேர்ல போய்ப் பாத்தேன்னு சொல்லுவேன்." அவர் வெளியே பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்: "அந்த வாத்தியார் மூஞ்சி யாரோடதுன்னே தெரியல. உங்களுக்கும் அப்படித்தான் வருமா?"

"வரும் அத்தா," என்றாள் அவள். "நெறைய வரும்."

மதுராந்தகம் வரும்வரை அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.