மாப்பிள்ளைக்கு டுகாட்டியா, அப்ரிலியாவா?

ஹாலிஎலைக்குப் பெண் பார்க்கப் போன அன்று அஜந்தன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் நுழைந்தான். வாசலிலேயே வைத்துவிட்டு வரும்படி அவன் அம்மா கலாராணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவன் காதில் ஏறவில்லை. ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் பச்சை, வெள்ளை, சிவப்பில் இத்தாலி நாட்டுக் கொடி ஒட்டியிருந்தது. அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அவன் ஓட்டியது நூறு சீசி வண்டி. பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்தால் பசறை ஏற்றத்தில் முனகத் தொடங்கிவிடும்.

அஜந்தனுக்கு வயது முப்பத்துமூன்று. பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தான். எதை அபிவிருத்தி செய்கிறான் என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. பசறைக்கு மேலே ஆர்டன்வில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் என்பதால் கலாராணி அவனுக்குப் பெண் தேடவில்லை. பெண் வீட்டார் தேடி வரட்டும் என்று காத்திருந்தாள். அப்படி வந்ததுதான் இந்த இடம்.

பெண்ணின் பெயர் நிரஞ்சலா. ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அண்ணன் துஷாந்த் இத்தாலியில் வேலை செய்கிறான். இந்த மூன்று விவரங்களில் கடைசி விவரம்தான் அஜந்தனை அன்று காலை சீக்கிரமே எழுந்து சவரம் செய்ய வைத்தது.

தேத்தண்ணி வந்தது, கேசரி வந்தது. கலாராணி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பேச்சைத் தொடங்கினாள்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. ஒங்க புள்ளைக்கு நீங்க என்ன செய்யணும்னு ஆசப்படுறீங்களோ அதச் செய்ங்க."

இந்த வாக்கியம் எவ்வளவு தூரம் நீளக்கூடியது என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்கு மட்டுமே தெரியும். நிரஞ்சலாவின் அப்பா தலையை ஆட்டினார். சரியாக அந்த நேரத்தில் துஷாந்த் வீடியோவில் வந்தான். போனைச் செம்பில் சாய்த்து வைத்தார்கள்.

"மாப்பிள்ள, இங்கேருந்து ஒங்களுக்கு என்னா கொண்டாரட்டும்? சென்ட்டா, சாக்லேட்டா?"

"பைக்" என்றான் அஜந்தன்.

எல்லாரும் சிரித்தார்கள். துஷாந்தும் சிரித்தான். "அதுக்கென்ன, இத்தாலியில பைக்குக்கா பஞ்சம்? டுகாட்டியா, அப்ரிலியாவா, நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். அந்த வீட்டில் அது விளையாட்டில்லை என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தான்.

அன்றிலிருந்து அஜந்தன் முடிவு பண்ணத் தொடங்கினான். அலுவலகத்தில் கோப்புகள் மேசையில் குவிந்து கிடக்க, அவன் காதில் வயரை மாட்டிக்கொண்டு இத்தாலிக்காரர்கள் பேசும் வீடியோக்களைப் பார்த்தான். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் சரியான இடங்களில் தலையசைத்தான். டுகாட்டி பனிகாலேயின் முகம் அவனுக்குப் பிடித்தது. அப்ரிலியாவின் சத்தம் பிடித்தது. திங்கட்கிழமை டுகாட்டிக்காரனாக வேலைக்குப் போனவன் புதன்கிழமை அப்ரிலியாக்காரனாகத் திரும்பி வந்தான். சீமேந்து மானியத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வந்த ஒரு தோட்டத்துப் பெரியவரிடம், நாலு சிலிண்டரை 'வி' மாதிரி வைப்பதற்கும் வரிசையாக வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கால் மணி நேரம் விளக்கினான். பெரியவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்ப சீமேந்து எப்பங்க ஐயா கெடைக்கும்?" என்றார்.

பசறையில் கராஜ் வைத்திருக்கும் றுஷ்தி அவனுடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. ஒரு நாள் அங்கே போய், போனில் இரண்டு எஞ்சின் சத்தத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான்.

"மச்சான், நீ பிரேக் மாத்த வந்தியா, பாட்டுக் கேக்க வந்தியா?" என்றான் றுஷ்தி.

"கேட்டுட்டுச் சொல்லுடா. எது?"

"இவ்வளவு பெரிய எஞ்சின நாட்டுக்குள்ள கொண்டு வர சட்டம் விடுமான்னு மொதல்ல விசாரிச்சியா?"

"அதெல்லாம் துஷாந்த் மச்சான் பாத்துக்குவாரு."

"சரி. ரோட்டுலேருந்து ஒங்க லயத்துக்கு எத்தன படி?"

"முப்பத்தெட்டு."

"ரெண்டுல எது படியேறும்?"

றுஷ்தி நக்கலுக்குக் கேட்டான். அஜந்தன் இதை இரண்டு நாள் யோசித்தான். இரண்டுமே வயிறு தாழ்ந்த வண்டிகள், படியில் தட்டும். ஆகவே ரோட்டோரமாகக் கதவும் பூட்டும் உள்ள ஒரு கொட்டகை வேண்டும் என்ற முடிவுக்கு வந்தான். கொட்டகையைப் பற்றிப் பெண் வீட்டில் பேசும்படி அம்மாவிடம் சொன்னான். கலாராணி மறுநாளே ஹாலிஎலைக்குப் போன் போட்டு, "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க" என்று தொடங்கினாள்.

ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு நடந்தது. அஜந்தன் நிரஞ்சலாவுக்குப் போன் எடுத்தான்.

"ஆவணி வேணாங்க. தையில வச்சுக்குவோம்."

"ஏன்? யாருக்காவது ஏதாவது சரியில்லையா?"

"நவம்பர்ல மிலான்ல பைக் கண்காட்சி இருக்கு. புது மாடல் காட்டுவாங்க. அவசரப்பட்டு பழச வாங்கிட்டோம்னா?"

நிரஞ்சலா நிதானமாகக் கேட்டாள். "ஒண்ணு கேக்கவா? இத்தன வளைவு இருக்குற பசறை ரோட்டுல எந்த எடத்துல நீங்க மூணாவது கியர் போடுவீங்க?"

அஜந்தன் உற்சாகமானான். இத்தனை ஆழமாகக் கேள்வி கேட்கிற பெண் கிடைத்தது தன் பாக்கியம் என்று நினைத்து, ஒவ்வொரு வளைவாகச் சொல்லத் தொடங்கினான். நாலாவது வளைவில் அவள் போனை வைத்துவிட்டிருந்தாள். லைன் கட்டாகிவிட்டது என்று அவன் நம்பினான்.

ஐப்பசியில் ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. கொழும்பிலிருந்து பெரிய பைக் ஓட்டுகிறவர்கள் கூட்டமாகப் பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவுக்கு வந்திருப்பதாக முகப்புத்தகத்தில் படம் வந்தது. அதில் ஒரு சிவப்பு டுகாட்டியும் ஒரு கறுப்பு அப்ரிலியாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அஜந்தனின் வண்டி அன்று றுஷ்தியின் கராஜில் பிரிந்து கிடந்தது. அவன் பஸ் பிடித்து ஹாலிஎலைக்கு ஓடி, நிரஞ்சலாவிடம் அவளுடைய ஸ்கூட்டரில் கூட்டிப்போகச் சொன்னான். இந்த ஆளை நேரில் ஒரு முழு நாள் பார்த்துவிடுவோம் என்று அவளும் கிளம்பினாள். இத்தாலிக் கொடி ஹெல்மெட் பின் சீட்டில் உட்கார்ந்திருக்க, டீச்சர் ஓட்டினாள்.

எல்லவில் ஒரு ஹோட்டல் முற்றத்தில் வண்டிகள் நின்றன. சிவப்பு டுகாட்டியின் சொந்தக்காரர் ஐம்பது வயதுள்ள சிங்கள மனுஷர். அஜந்தன் வண்டியைப் பார்த்த பார்வையைக் கண்டு இரக்கப்பட்டு, "ஏறி ஒக்காந்து பாருங்க தம்பி" என்று தெரிந்த தமிழில் சொன்னார். "ஸ்டாண்ட மட்டும் எடுக்க வேணாம்."

அஜந்தன் தன் போனில் சார்ஜ் இல்லாததால் நிரஞ்சலாவிடம் திரும்பினான். "ஒங்க போன்ல வீடியோ எடுங்க. குரூப்புல போடணும்."

அவள் எடுத்தாள். அஜந்தன் காலைத் தூக்கிப் போட்டு ஏறினான். மூன்று மாதம் கனவில் ஏறிய சீட் நேரில் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தது. ஐந்தடி மூன்றங்குல மனுஷனுக்குப் பெருவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் ஸ்டாண்டில் சாய்ந்தபடி எடுக்கும் படம் கடையில் விற்க வைத்த வண்டியின் படம் போல இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. வண்டியை நிமிர்த்தி, குதிகாலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான்.

இருநூறு கிலோவுக்குப் பக்கத்தில் வரும் வண்டி வலது பக்கம் மெதுவாகச் சாய்ந்தது. தடுக்க நேரம் இருந்தது, பலம்தான் இல்லை. டுகாட்டி அப்ரிலியாவின் மேல் விழுந்தது. அப்ரிலியா அதற்கப்பால் இருந்த பூந்தொட்டியின் மேல் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் அஜந்தனின் ஒரு கால் மாட்டிக்கொண்டது. மூன்று மாதமாக எதை விடுவது, எதை எடுப்பது என்று தவித்தவனை இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டன.

நிரஞ்சலா ஓடி வந்தாள். ஆறு பேர் சேர்ந்து வண்டிகளைத் தூக்கினார்கள். அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டுமே. நிரஞ்சலா சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டாள். செலவு எவ்வளவானாலும் சொல்லுங்கள் என்று தன் நம்பரைக் கொடுக்கப் போனாள். அந்த மனுஷர் வளைந்த கைப்பிடியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். கொழும்பில் சரி செய்துகொள்ளலாம், பிள்ளைக்கு அடிபடாததே போதும் என்றார். அப்ரிலியாக்காரர் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஜந்தன் அப்போது நொண்டிக்கொண்டே முற்றத்தின் ஓரத்துக்குப் போய்விட்டிருந்தான். அவனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தக் கூச்சம் திரும்பி வரும் வழியில் தெமோதர வரை தாங்கியது. தெமோதரவில் அவன் முன்னால் குனிந்து, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னான்:

"அண்ணன்கிட்ட அப்ரிலியான்னே சொல்லிடுங்க. டுகாட்டி எனக்கு ராசியில்ல."

நிரஞ்சலா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள்.

"எங்கண்ணன் அங்க என்ன வேல செய்யுதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"கம்பனியில..."

"குடோன்ல சாமான் ஏத்தி எறக்குது. வேலைக்கு எதுல போகுதுன்னு தெரியுமா? சைக்கிள்ல. பனியில கையெல்லாம் வெடிச்சுப்போய் கெடக்கு. மூணு மாசத்துல ஒரு தடவையாவது அதப் பத்திக் கேட்டீங்களா? என்னப் பத்தித்தான் ஏதாவது கேட்டீங்களா?"

அஜந்தன் யோசித்தான். சைக்கிள் என்றதும், அது எந்தக் கம்பனி சைக்கிள், இத்தாலிச் சைக்கிள்களுக்குத் தனிப் பெயர் உண்டே என்று ஒரு கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளையாக விழுங்கிவிட்டான். ஆனால் அவன் முகத்தில் அது ஓடியதை அவள் பார்த்துவிட்டாள்.

"எறங்குங்க" என்றாள். "பஸ் வரும்."

அடுத்த வாரம் ஹாலிஎலையிலிருந்து செய்தி வந்தது. இந்த இடம் வேண்டாம் என்று பெண்ணே சொல்லிவிட்டாள். கலாராணிக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது, கோபத்தோடு ஒரு கதையும் வந்தது. "நாங்கதான் வேணாமுன்னுட்டோம். பரிசம் போடுறதுக்கு முன்னாடியே ஆம்பளையப் பின்னாடி வச்சுக்கிட்டு எல்லவுக்குச் சுத்தப் போற பொண்ணு. எவனெவன்கிட்டயோ சிங்களத்துல சிரிச்சுப் பேசுறா."

அஜந்தன் அப்போது பக்கத்தில் நின்று சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். வாயில் சோறு இருந்தது. விழுங்கிய பிறகும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒருவர் அதே கதையை அவனிடமே திருப்பிக் கேட்டபோது, "விடுங்க, நமக்கெதுக்கு" என்று பெருந்தன்மையாகச் சொன்னான்.

நிரஞ்சலாவுக்கு அந்தக் கதையைக் கொண்டுவந்து கொடுத்தது ஜெயலெட்சுமி சித்தி. பதுளைக்கும் பசறைக்கும் நடுவில் அவள் வாய்க்குத் தெரியாத வீடு கிடையாது. நிரஞ்சலா அவளிடம் சண்டை போடவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. அவளுடைய போனுக்கு எல்லவில் எடுத்த வீடியோவை அனுப்பி, கீழே ஒரு வரி எழுதினாள்: 'கல்யாணம் நின்ன காரணம் இதுதான் சித்தி.'

ஜெயலெட்சுமி அதை ஒரே ஒருவருக்கு மட்டும் அனுப்பினாள். அப்படி ஒரே ஒருவருக்கு மட்டும் அனுப்பியவர்கள் அன்று மாலைக்குள் முன்னூறு பேர் இருந்தார்கள். பசறை பஸ்ஸில் நடத்துனர் பார்த்தார். ஆர்டன்வில்லில் கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் பார்த்தார்கள். றுஷ்தி கராஜைப் பத்து நிமிடம் மூடிவிட்டுப் பார்த்தான். கலாராணியின் போனுக்கே ஐந்து பேர் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் எல்லவைப் பற்றி எங்கேயும் பேசவில்லை.

மறுநாள் காலை அஜந்தன் அலுவலகத்துக்குப் போனபோது எல்லாரும் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்கள். பணிப்பாளர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோப்புகளைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்து அவன் ஒரு கட்டுக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனான். அவர் மேசையில் போனை வைத்திருந்தார். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஓடவிட்டார்.

"அஜந்தன், இதுல மொதல்ல விழுறது எது?"

நிலம் பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று அஜந்தன் நினைத்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் கேள்வி அவன் பாடத்திலிருந்து வந்துவிட்டது.

"டுகாட்டி பனிகாலே வி ஃபோர், சேர்" என்றான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதுல நீங்க ஒண்ணு கவனிக்கணும்" என்று தொடங்கினான்.